ஒரு சோறு பதமாகுமா?

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்ற பழமொழி நம் வீடுகளில் நாள்தோறும் மெய்ப்படுகிறது. பானையில் இருப்பது ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே நெருப்பு. ஆகவே ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தால் போதும், மற்றவற்றின் நிலை தெரிந்துவிடும்.

இதே பழமொழியை ஆராய்ச்சிக்குப் பொருத்தினால் என்ன ஆகும்? காப்பி இதயத்துக்கு நல்லது என்று ஒரு நாள் செய்தித்தாளில் படிக்கிறீர்கள். சில மாதங்கள் கழித்து, காப்பி இதயத்துக்குக் கெடுதல் என்று அதே செய்தித்தாளில் வருகிறது. இரண்டு செய்திகளும் "ஆய்வு கூறுகிறது" என்றுதான் தொடங்குகின்றன. எதை நம்புவது?

காப்பி விஷயத்தில் நாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு மருந்தை நாட்டிலுள்ள எல்லா மருத்துவமனைகளிலும் கொடுக்கலாமா, காற்றில் எவ்வளவு மாசு வரை அனுமதிக்கலாம் என்றெல்லாம் ஓர் அரசு முடிவு செய்யும்போது அப்படிச் சிரிக்க முடியாது. ஒரே ஒரு பருக்கையை நம்பி எடுத்த முடிவுகளால் கேடு விளைந்ததுண்டு. பானை நிறையச் சோறு இருந்தும் யாரும் தொட்டுப் பார்க்காததால் உயிர்கள் போனதும் உண்டு. இந்த இரண்டு தவறுகளையும் தவிர்க்கப் பிறந்த முறைதான் "முறைசார் சான்றுத் தொகுப்பாய்வு". பெயர் நீளமாக இருந்தாலும் கருத்து எளிமையானதே. அது எப்படிப் பிறந்தது, எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைப் பார்ப்போம்.

ஆட்டுக்குட்டி தந்த துப்பு

1960களின் பிற்பகுதி. நியூஸிலாந்து நாட்டின் ஆக்லாந்து நகரில் கிரகாம் லிக்கின்ஸ் என்ற மகப்பேற்று மருத்துவர், பிரசவ வலியைத் தொடங்கி வைப்பது எது என்று ஆடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். தாயின் வயிற்றிலிருக்கும் குட்டிக்கு ஒரு வகை ஸ்டீராய்டு ஹார்மோனைச் செலுத்தினால் பிரசவம் முன்கூட்டியே நிகழ்வதை அவர் கண்டார். அப்படி மிகவும் முன்னதாகப் பிறந்த குட்டி ஒன்று, பிழைத்திருக்கவே கூடாத நிலையிலும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது! அதன் நுரையீரலில் காற்று நிறைந்திருந்தது.

இதில் என்ன வியப்பு என்கிறீர்களா? நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அவை ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கிவிடாமல், சோப்பு நுரையைப் போலச் செயற்படும் ஒரு பொருள் காக்கிறது. கரு வளர்ச்சியின் கடைசி வாரங்களில்தான் இப்பொருள் போதிய அளவு சுரக்கும். குறைமாதக் குழந்தைகள் பலர் மூச்சுத்திணறி இறப்பதற்கு இக்குறையே காரணம். அந்த ஹார்மோன் ஆட்டுக்குட்டியின் நுரையீரலை முன்கூட்டியே முதிரச் செய்துவிட்டது என்று லிக்கின்ஸ் ஊகித்தார்.

அவரும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹௌவியும் சேர்ந்து 282 தாய்மார்களிடம் இதைச் சோதித்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு ஒப்பீட்டு ஊசி என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடவில்லை, குலுக்கல் முறைக்கு விட்டார்கள். முடிவு 1972ஆம் ஆண்டு வெளியாயிற்று. குறைப்பிரசவ வலி தானாகவே கண்ட தாய்மார்களில், ஒப்பீட்டு ஊசி பெற்றவர்களின் குழந்தைகளில் 15 விழுக்காட்டினர் முதல் சில நாட்களுக்குள் இறந்தனர். மருந்து பெற்றவர்களின் குழந்தைகளில் அது 3.2 விழுக்காடுதான்.

விலை மலிவான மருந்து. தாய்க்கு ஓரிரு ஊசிகள். உலகமெங்கும் உடனே பரவியிருக்க வேண்டும் அல்லவா? பரவவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளில் வெவ்வேறு நாடுகளில் மேலும் பல சோதனைகள் நடந்தன. சிலவற்றில் பயன் தெரிந்தது, சிலவற்றில் "உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்று முடிவு வந்தது. மருத்துவர்கள் தயங்கினார்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில்கூட, மிகக் குறைந்த எடையுள்ள குறைமாதக் குழந்தைகளைப் பெற்ற தாய்மார்களில் ஐந்தில் ஒரு பங்கினருக்கும் குறைவானவர்களே இம்மருந்தைப் பெற்றிருந்தனர்.

சிறிய ஆய்வு ஏன் குழப்புகிறது?

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஒரு மருத்துவமனையில் 30 குழந்தைகளுக்கு மருந்து கிடைத்தது, 30 குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். மருந்து கிடைத்தவர்களில் 3 பேரும், கிடைக்காதவர்களில் 6 பேரும் இறந்தார்கள். இறப்பு பாதியாகக் குறைந்துவிட்டது! ஆனாலும் கணித அறிஞர் இதை ஏற்கமாட்டார். மருந்தால் எள்ளளவும் பயன் இல்லாவிட்டாலும், தற்செயலாகவே இத்தகைய வேறுபாடு எளிதில் ஏற்படக்கூடும் என்பார். அவர் சொல்வது சரியே.

இப்போது இதே போன்ற பத்து மருத்துவமனைகளில் சோதனை நடந்து, ஒவ்வொன்றிலும் இதே முடிவு வந்ததாகக் கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆய்வும் தனித்தனியாக "உறுதியில்லை" என்றே முடியும். மேலோட்டமாகப் பார்ப்பவர், "பத்து ஆய்வுகள் நடந்தும் பயன் நிறுவப்படவில்லை" என்று எழுதிவிடுவார். ஆனால் பத்தையும் சேர்த்துப் பார்த்தால் 300 பேரில் 30 இறப்பு, 300 பேரில் 60 இறப்பு. இந்த வேறுபாடு தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. பத்து "தெரியாது"கள் சேர்ந்து ஒரு "தெரியும்" ஆகிவிட்டது!

உண்மையில் இவ்வாறு எண்களை அப்படியே கூட்டிவிடுவதில்லை. ஒவ்வோர் ஆய்விலும் மருந்து பெற்றவர்களை அதே ஆய்வில் பெறாதவர்களோடுதான் ஒப்பிடுவார்கள். பிறகு பெரிய ஆய்வுக்கு அதிக எடையும் சிறிய ஆய்வுக்குக் குறைந்த எடையும் கொடுத்து ஒன்றாக்குவார்கள். இதற்குக் கூட்டுப் பகுப்பாய்வு என்று பெயர்.

இத்தகைய வேலை நடக்கவில்லையே என்று 1979ஆம் ஆண்டில் வெளிப்படையாகக் குறைகூறியவர் ஆர்ச்சி காக்ரேன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். எல்லாக் குலுக்கல் முறைச் சோதனைகளையும் துறைவாரியாகத் திரட்டி, சீர்தூக்கிப் பார்த்து, அவ்வப்போது புதுப்பித்து வைக்க மருத்துவ உலகம் ஏற்பாடு செய்யவில்லை என்றார். மகப்பேற்று மருத்துவத்துக்கே கடைசி இடம் என்றும் கேலி செய்தார். அந்தக் கேலியைச் சவாலாக ஏற்று, ஆக்ஸ்போர்டில் அயன் சாமர்ஸ் என்பவரும் அவருடைய துணைவர்களும் மகப்பேறு தொடர்பான சோதனைகளைத் திரட்டத் தொடங்கினார்கள். 1990இல் ஸ்டீராய்டு பற்றிய 12 சோதனைகளின் தொகுப்பாய்வு வெளிவந்தது. குழந்தை இறப்பைக் குறைக்கிறது என்பதில் ஐயமே இல்லை! 1994இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய அறிஞர் குழு இம்மருந்தைப் பரிந்துரைத்தது. அதன் பிறகே பயன்பாடு பெருகியது.

இடையில் கழிந்த ஆண்டுகளில் காப்பாற்றப்படாமல் போன குறைமாதக் குழந்தைகள் பல்லாயிரம் இருக்கலாம் என்று கருதப்படுகிறது. மருந்து இருந்தது, சான்றும் இருந்தது. அச்சான்றை ஓரிடத்தில் குவித்துப் பார்ப்பவர்தான் இல்லை. 1993இல் சாமர்ஸ் தொடங்கிய பன்னாட்டு அமைப்புக்குக் காக்ரேனின் பெயரையே வைத்தார்கள். அதன் சின்னத்தில் உள்ள சிறு கோடுகள், ஸ்டீராய்டு சோதனைகளில் ஏழைக் குறிப்பவை.

குப்புறப் படுத்த குழந்தைகள்

சான்று சிதறிக் கிடந்ததால் பயனுள்ள மருந்து தாமதமாயிற்று. அதைவிடக் கொடியது, தீங்கான அறிவுரை தொடர்ந்து வழங்கப்படுவது.

கைக்குழந்தையை எப்படித் தூங்கவைப்பது? மல்லாந்து படுத்தால் பால் கக்கும்போது மூச்சு அடைத்துக்கொள்ளும், ஆகவே குப்புறப் படுக்கவைப்பதே நல்லது என்று மேல்நாடுகளில் ஒரு கருத்து பரவியிருந்தது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக் எழுதிய புகழ்பெற்ற குழந்தை வளர்ப்பு நூலும் 1950களின் பிற்பகுதியிலிருந்து இவ்வாறே அறிவுறுத்தியது. இலட்சக்கணக்கான பெற்றோர் அதைப் பின்பற்றினார்கள்.

ஆனால் குப்புறப் படுக்கும் குழந்தைகளே தூக்கத்தில் திடீரென்று காரணமின்றி இறப்பது அதிகம் என்று காட்டும் ஆய்வுகளும் இங்கொன்றும் அங்கொன்றுமாக வந்துகொண்டிருந்தன. யாரும் அவற்றைக் கோக்கவில்லை. பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும்தான் "மல்லாந்து படுக்கவையுங்கள்" என்ற பெரும் பிரசாரம் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே பிரிட்டனில் இத்தகைய இறப்புகள் பாதிக்கும் கீழே இறங்கின.

2005இல் ரூத் கில்பர்ட் என்பவரும் உடன் ஆய்ந்தவர்களும் பழைய ஆய்வுகளையெல்லாம் முறைப்படி திரட்டி, ஆண்டு வரிசைப்படி அடுக்கிப் பார்த்தார்கள். 1970ஆம் ஆண்டிலேயே இத்தகைய தொகுப்பாய்வு நடந்திருந்தால் ஆபத்து அப்போதே புலப்பட்டிருக்கும் என்று தெரிந்தது. பிரிட்டனில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளையும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதி ஆகியவற்றில் குறைந்தது 50,000 குழந்தைகளையும் காப்பாற்றியிருக்கக்கூடும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

விதி முதலில், விடை பிறகு

"அறிஞர்கள் எப்போதும் பழைய கட்டுரைகளைப் படித்துத்தானே எழுதுகிறார்கள்? இதில் புதுமை என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வழக்கமான கட்டுரையாளர் தமக்குத் தெரிந்தவற்றையும் பிடித்தவற்றையும் எடுத்துக்கொள்வார், பிடிக்காதவற்றை விட்டுவிடுவார். அவர் பொய் சொல்ல வேண்டியதில்லை, மறதியும் சாய்வுமே போதும். தொகுப்பாய்வு இதற்கு வேலி போடுகிறது.

முதலாவதாக, கேள்வியைத் துல்லியமாக எழுத வேண்டும்: யாருக்கு, எதைச் செய்தால், எதனோடு ஒப்பிட, என்ன விளைகிறது? இரண்டாவதாக, எந்த ஆய்வைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்ற விதிகளைத் தேடுவதற்கு முன்பே எழுதி வெளியிட வேண்டும். விடையைப் பார்த்த பிறகு விதியை மாற்றுவது, சீட்டைப் பார்த்துவிட்டுப் பந்தயம் கட்டுவது போன்றது. மூன்றாவதாக, உலகெங்கும் தேட வேண்டும். நான்காவதாக, இருவர் ஒருவரையொருவர் கலக்காமல் ஆய்வுகளைத் தெரிவு செய்து, ஒவ்வொன்றிலும் உள்ள குறைகளை மதிப்பிட வேண்டும். இறுதியில் விடையோடு அதன் உறுதிப்பாட்டையும் சொல்ல வேண்டும்: உயர்ந்தது, நடுத்தரமானது, குறைந்தது, மிகக் குறைந்தது.

தேடும்போது ஒரு பெரிய பள்ளம் காத்திருக்கிறது. நல்ல முடிவு வந்த ஆய்வுகள் அச்சேறும், ஏமாற்றமான முடிவு வந்தவை அலமாரியில் உறங்கும். ஃபுளூ காய்ச்சலுக்கான டாமிஃபுளூ மருந்தின் கதை இதற்குச் சான்று. கொள்ளை நோய்க்கு அஞ்சிப் பிரிட்டிஷ் அரசு மட்டும் இதைச் சேமித்து வைக்க 42 கோடி 40 இலட்சம் பவுண்டு செலவிட்டது. மருத்துவமனையில் சேரும் நிலையை இது குறைக்கும் என்பதற்கு அடிப்படையாக இருந்தது 2003இல் வெளியான ஒரு கட்டுரை. அது 10 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. அவற்றில் இதழ்களில் வெளியானவை இரண்டே இரண்டு! ஜப்பானிய மருத்துவர் ஒருவர் 2009இல் இதைச் சுட்டிக்காட்டினார். நெடிய போராட்டத்துக்குப் பின் முழு அறிக்கைகளையும் பெற்று, காக்ரேன் குழுவினர் 2014இல் முடிவை வெளியிட்டார்கள். பெரியவர்களிடம் நோய்க்குறிகள் நீடிக்கும் காலம் 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைந்தது. மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

காற்றுக்குக் குலுக்கல் உண்டா?

மருந்துக்குக் குலுக்கல் முறைச் சோதனை செய்யலாம். சுற்றுச்சூழலுக்கு? "நீ இருபது ஆண்டு புகையில் வாழ், நீ தூய காற்றில் வாழ்" என்று சீட்டுப் போட்டு மக்களைப் பிரிக்க முடியுமா? முடியாது, கூடவும் கூடாது. மக்கள் வாழும் இடங்களிலேயே அவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து வருவதுதான் ஒரே வழி.

அமெரிக்காவில் ஆறு நகரங்களைச் சேர்ந்த 8,111 பேரைப் பதினான்கு முதல் பதினாறு ஆண்டுகள் கவனித்த ஆய்வு 1993இல் வெளிவந்தது. புகைப்பழக்கம் முதலியவற்றின் விளைவைக் கணக்கில் கழித்த பிறகும், மிக மாசுபட்ட நகரில் இறப்பு வீதம் மிகத் தூய நகரைவிட 26 விழுக்காடு அதிகமாக இருந்தது. குறிப்பாக, 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய நுண்துகள்களோடு அது ஒத்துப்போயிற்று. நம் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ள துகள்கள் அவை. நுரையீரலின் அடியாழம் வரை செல்லக்கூடியவை.

இதுவும் ஒரு பருக்கைதான். மாசுபட்ட நகரில் ஏழைகள் அதிகமாக இருந்திருக்கலாம், வேறு காரணங்களும் இருக்கலாம் என்று எதிர்ப்பு எழுந்தது. இங்கேதான் தொகுப்பாய்வு கைகொடுக்கிறது. வெவ்வேறு நாடுகள், வெவ்வேறு உணவு, வெவ்வேறு வருமானம், வெவ்வேறு தட்பவெப்பம். இத்தனை வேறுபாடுகளுக்கு நடுவிலும் ஒரே திசையில் விடை வருமானால், ஏதோ ஓர் ஊரின் தனிச் சூழலைக் காரணம் காட்ட முடியாது. உலக சுகாதார நிறுவனத்துக்காக 2020இல் நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் திரட்டப்பட்டன. ஒரு கனமீட்டர் காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால், நோயால் இறக்கும் அபாயம் சுமார் 8 விழுக்காடு கூடுகிறது என்பது விடை. தூய்மையானது என்று நாம் எண்ணியிருந்த காற்றிலும் தீங்கு தொடர்வது தெரிந்தது. ஆகவே 2005இல் ஆண்டுச் சராசரி 10 மைக்ரோகிராம் என்றிருந்த வழிகாட்டு அளவை, 2021இல் அந்நிறுவனம் 5ஆகக் குறைத்தது.

இந்தியா 2009இல் அறிவித்த தர அளவு 40. இதைக் கண்டு, "ஒன்று சரியென்றால் மற்றது தவறு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டும் இரு வேறு கேள்விகளுக்கு விடைகள். எந்த அளவுக்கு மேல் உடலுக்குக் கேடு என்பது அறிவியலின் கேள்வி. எவ்வளவு விரைவில், யாருடைய செலவில், எந்த வழியில் அந்த அளவை அடைவது என்பது சமுதாயத்தின் கேள்வி. உலக சுகாதார நிறுவனமே 35, 25, 15, 10 என்று இடைக்காலப் படிகளை வகுத்திருக்கிறது. தொகுப்பாய்வு சட்டம் இயற்றுவதில்லை. ஆனால் 40க்கும் 5க்கும் இடையிலுள்ள தொலைவில் மனித உயிர்கள் இருக்கின்றன என்பதை மறைக்க முடியாமல் செய்துவிடுகிறது.

அதே மருந்து, வேறு ஊர்

அப்படியானால் தொகுப்பாய்வின் தீர்ப்பு மாறாத தீர்ப்பா? இல்லை. நாம் முதலில் பார்த்த ஸ்டீராய்டு ஊசியே அதற்கும் பாடம்.

தொகுக்கப்பட்ட பழைய சோதனைகள் பெரும்பாலும் வசதியான நாடுகளின் பெரிய மருத்துவமனைகளில் நடந்தவை. இந்தியா உட்பட ஆறு நாடுகளில், வசதி குறைந்த பகுதிகளில் இம்மருந்தைப் பரவலாக்கிப் பார்த்த ஒரு பெரிய சோதனையின் முடிவு 2015இல் வந்தது. எல்லோரும் திடுக்கிட்டார்கள். பிறந்த 28 நாட்களுக்குள் நேரும் இறப்பு, மருந்தைப் பரப்பிய பகுதிகளில் 1,000 குழந்தைகளுக்கு 27.4, மற்றப் பகுதிகளில் 23.9. குறையவில்லை, கூடியிருந்தது! கருவின் வயதைச் சரியாகக் கணிக்க வசதியில்லாததால், தேவையில்லாத தாய்மார் பலருக்கும் ஊசி போடப்பட்டிருந்தது. தாய்மாருக்குத் தொற்று நோயும் கூடியிருந்தது.

மருந்து பொய்யா, இடம் பொருந்தவில்லையா? ஊகித்துக்கொண்டிராமல் உலக சுகாதார நிறுவனம் மீண்டும் சோதித்தது. இந்தியா, வங்காளதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளில் 29 மருத்துவமனைகள். கருவின் வயதை ஸ்கேன் மூலம் கணித்து, பிறந்த குழந்தைக்கு நல்ல கவனிப்பும் தந்தார்கள். 2020இல் விடை வந்தது: மருந்து பெற்றவர்களின் குழந்தைகளில் 19.6 விழுக்காடும், பெறாதவர்களின் குழந்தைகளில் 23.5 விழுக்காடும் இறந்தன. மருந்து மெய்தான். ஆனால் வயதைக் கணிக்கும் கருவியும் கவனிக்கும் கைகளும் அதனோடு சேர்ந்திருக்க வேண்டும்.

பார்த்தீர்களா? தொகுப்பாய்வு ஒரு முறை செய்து பூட்டி வைப்பதற்கானதன்று. புதிய சான்று வரும்போதெல்லாம் பேரேட்டைத் திறந்து வரவு வைக்க வேண்டும். எங்கே, யாரிடம் கிடைத்த சான்று என்பதையும் கூடவே எழுத வேண்டும்.

இனி "ஆய்வு கூறுகிறது" என்ற செய்தியைப் படிக்கும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். இது ஓர் ஆய்வா, அல்லது பல ஆய்வுகளின் தொகுப்பா? தொகுப்பு என்றால், எவற்றைச் சேர்ப்பது என்ற விதி முன்கூட்டியே வகுக்கப்பட்டதா? வெளிவராத முடிவுகளையும் தேடினார்களா? அந்த மக்களின் நிலையும் நம் நிலையும் ஒத்தவைதாமா? இவற்றுக்கு விடை தேட மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை, பள்ளி மாணவராலும் முடியும். மக்கள் கேட்கப் பழகினால், ஆட்சியில் இருப்பவர்களும் விடை சொல்லப் பழகுவார்கள்.